தன்னைக் காயப்படுத்திக்கொண்டவரோடு அவசர சிகிச்சைப் பிரிவில்: கூட இருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தையல் போட்டாயிற்று, விஷ முறிவு மருந்து ஏற்றியாயிற்று, இரத்தப் பரிசோதனையும் சரியாக வந்துவிட்டது. 'வீட்டுக்குப் போகலாம்' என்கிறார்கள். கூட வந்தவர்கள் பெருமூச்சு விட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். ஏன் இப்படிச் செய்தார் என்று அவரிடம் யாரும் உட்கார்ந்து கேட்கவே இல்லை. எத்தனையோ அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இது அன்றாடம் நடக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். மனநல மதிப்பீடு நடக்காமல், பாதுகாப்புத் திட்டம் (அந்த எண்ணம் மறுபடி வந்தால் என்ன செய்வது என்று எழுதிவைக்கும் தாள்) எழுதப்படாமல், அடுத்த சந்திப்புக்கு நாள் குறிக்கப்படாமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள். மற்றதெல்லாம் இந்த மூன்றையும் எப்படி நடத்தி முடிப்பது என்பதற்கான விளக்கம்தான்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் ஏறத்தாழ 7,27,000 பேர் தற்கொலையால் இறந்தார்கள். ஒவ்வோர் இறப்புக்கும் 20க்கும் மேற்பட்ட முயற்சிகள் நடக்கின்றன. தன்னைக் காயப்படுத்திக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பின்தொடர்ந்த பல நாட்டு ஆய்வுகளை 2014இல் தொகுத்துப் பார்த்தார்கள். ஓராண்டுக்குள் 100 பேரில் 16 பேர் மறுபடி காயப்படுத்திக்கொண்டிருந்தார்கள், ஒருவர் அல்லது இருவர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். பொதுமக்களோடு ஒப்பிட்டால் இது பல மடங்கு அதிகம். அதே கணக்குத்தான் பெரும்பாலானவர்கள் பிழைத்து வாழ்கிறார்கள் என்றும் காட்டுகிறது. இரண்டையும் சேர்த்தே மனத்தில் வையுங்கள். பயந்து உறைந்துபோகவும் வேண்டாம், 'ஏதோ கோபத்தில் செய்தது, விடுங்கள்' என்று கடந்துபோகவும் வேண்டாம்.

இதைப் படிக்கும் நீங்களே இப்போது அந்த நிலையில் இருந்தால், மேற்கொண்டு படிப்பதை நிறுத்திவிட்டு, பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் சொல்லுங்கள். அல்லது உங்கள் நாட்டின் அவசர எண்ணையோ உதவி எண்ணையோ அழையுங்கள். இந்தியாவில் 14416, இலங்கையில் 1926, சிங்கப்பூரில் 1767. மருத்துவமனைக்கு நேராகப் போனாலும் சரிதான். காயம் எதுவும் இல்லை, எண்ணம் மட்டும்தான் வருகிறது என்றாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகலாம்.

படி 1: வீட்டிலிருந்து கிளம்பும் முன்

எதையாவது விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர் கொடுப்பது, தொண்டையில் விரல் விடுவது எதுவும் வேண்டாம். விழுங்கியது நுரையீரலுக்குள் போய்விட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். இரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். மயக்கத்தில் இருந்து, மூச்சு சீராக வந்தால் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். மூச்சில் சிக்கல் தெரிந்தால் நீங்களே வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடுவதைவிட ஆம்புலன்ஸை அழைப்பது நல்லது.

கிளம்பும்போது மாத்திரை அட்டை, பாட்டில், டப்பா என்று கிடைப்பதையெல்லாம், காலியாக இருந்தாலும், ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். எப்போது நடந்திருக்கும் என்று உத்தேசமாகக் குறித்துவையுங்கள். சில இரத்தப் பரிசோதனைகளுக்கும் முறிவு மருந்துகளுக்கும் நேரம்தான் முக்கியம். அவர் வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகளின் சீட்டையும் கையோடு எடுத்துவாருங்கள்.

'நன்றாகத்தானே இருக்கிறார், பேசுகிறார், நடக்கிறார்' என்று தள்ளிப்போடாதீர்கள். சாதாரணமாக எல்லா வீட்டிலும் இருக்கும் சில மாத்திரைகளேகூட, அளவு மீறினால், முதல் நாளில் ஒரு அறிகுறியும் காட்டாமல் அடுத்தடுத்த நாட்களில் ஈரலைப் பதம் பார்த்துவிடும். அறிகுறி தெரிவதற்கு முன் கொடுத்தால்தான் முறிவு மருந்துக்கு முழுப் பலன்.

படி 2: முதலில் பார்ப்பவரிடம் உண்மையைச் சொல்லுங்கள்

வாசலில் முதலில் விசாரிக்கும் நர்ஸிடமோ டாக்டரிடமோ, நடந்தது நடந்தபடி சொல்லிவிடுங்கள். 'கத்தி தவறிப் பட்டுவிட்டது', 'தலைவலிக்கு மாத்திரை போட்டார், எண்ணிக்கை தெரியாமல் போயிற்று' என்று குடும்பங்கள் மறைப்பதற்கு இரண்டு காரணங்கள்: மானம், போலீஸ். மானத்துக்காக மறைத்தால் சிகிச்சை தவறான திசையில் போகும். என்ன விழுங்கினார் என்று தெரியாமல் எந்த முறிவு மருந்தைக் கொடுப்பார்கள்?

போலீஸ் பயத்தைப் பொறுத்தவரை, பல நாடுகளில் சட்டம் மாறிவிட்டது. இலங்கை 1998லேயே தற்கொலை முயற்சியைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. சிங்கப்பூரில் 2020இலும் மலேசியாவில் 2023இலும் நீக்கினார்கள். இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதவேண்டும், அவரைத் தண்டிக்கக்கூடாது, அரசு அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தரவேண்டும் என்கிறது. மருத்துவமனை ஒரு பதிவு போடலாம், போலீஸுக்குத் தகவலும் போகலாம். அது நடைமுறை. அதற்குப் பயந்து சிகிச்சையைத் தாமதப்படுத்துவதோ, வேறு மருத்துவமனை தேடி அலைவதோ உயிருக்கே ஆபத்து.

இன்னொன்றையும் அங்கேயே, மெதுவான குரலில், சொல்லிவிடுங்கள்: 'இவரைத் தனியாக விடவேண்டாம், மனநல மருத்துவரும் பார்க்கவேண்டும்.' ஆரம்பத்திலேயே சொன்னால்தான் அந்தப் பிரிவுக்குத் தகவல் போய், ஆள் வர நேரம் இருக்கும். டிஸ்சார்ஜ் சீட்டு எழுதும் நேரத்தில் கேட்டால் 'வெளிநோயாளியாக நாளை வந்து பாருங்கள்' என்ற பதில்தான் கிடைக்கும்.

படி 3: உடலுக்கான சிகிச்சை

மற்ற நோயாளிகளுக்குக் கிடைக்கும் அதே சிகிச்சை, அதே மரியாதை இவருக்கும் கிடைக்கவேண்டும். சொல்லவே தேவையில்லாத விஷயம்போலத் தெரியும், ஆனால் சொல்லவேண்டியிருக்கிறது. 'நீயே வெட்டிக்கொண்டாயே, இதைப் பொறுக்கமாட்டாயா' என்று மரத்துப்போகும் ஊசி போடாமல் தைப்பதும், பாடம் புகட்டுவதுபோல வயிற்றைக் கழுவுவதும் சிகிச்சை ஆகாது. வயிறு கழுவுவது இன்று சில குறிப்பிட்ட சூழல்களில், குறிப்பிட்ட நேரத்துக்குள் மட்டுமே செய்யப்படுகிறது. 'இது ஏன் தேவை?' என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தையலுக்கு முன் 'மரத்துப்போகும் ஊசி போடுவீர்களா?' என்று பணிவாக, ஆனால் எல்லார் காதிலும் விழும்படி கேளுங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

மனநல நோயாளி என்று ஏற்கெனவே பதிவு இருப்பவருக்கு வேறொரு ஆபத்தும் உண்டு. அவருடைய மயக்கமோ உளறலோ வயிற்று வலியோ எதுவானாலும் 'மனநோய்தான்' என்று ஒதுக்கப்படலாம். இரத்தத்தில் சர்க்கரை குறைந்திருக்கலாம், தலையில் அடிபட்டிருக்கலாம், காய்ச்சல் மூளையைப் பாதித்திருக்கலாம். 'இவர் வழக்கமாக இப்படிப் பேசமாட்டார், இன்று வித்தியாசமாக இருக்கிறார்' என்ற உங்கள் ஒரு வாக்கியம் அங்கே பெரிய உதவி.

படி 4: காத்திருக்கும் நேரம்

உண்மையில் கஷ்டமான கட்டம் இதுதான். விளக்கு வெளிச்சம், அலறல், ஸ்ட்ரெச்சர்கள், நடுவில் மணிக்கணக்காக ஒரு நாற்காலி. ஏற்கெனவே நொறுங்கிப்போனவர் 'நான் எல்லாருக்கும் தொல்லை' என்று முடிவுகட்டி எழுந்து போய்விடும் நேரமும் இதுதான். அதனால் யாராவது ஒருவர் கூடவே இருங்கள், முறைவைத்து மாறிக்கொள்ளுங்கள். கழிவறைக்குப் போனாலும் வாசல்வரை போங்கள். சாயத் தோள் கொடுங்கள், குடிக்கத் தண்ணீர் கொடுக்கலாமா என்று நர்ஸிடம் கேட்டுக் கொடுங்கள். அவருடைய பையில் மாத்திரையோ கூரிய பொருளோ இருக்கலாம் என்று தோன்றினால் ஊழியர்களிடம் சொல்லுங்கள். கொஞ்சம் ஓசை குறைந்த, ஆனால் ஊழியர்களின் பார்வையில் இருக்கும் இடம் கிடைக்குமா என்றும் கேளுங்கள்.

உறவினர் பட்டாளத்தைக் கூட்டாதீர்கள். ஒவ்வொருவராக வந்து 'ஏன்டா இப்படிப் பண்ணினே?', 'அம்மாவை நினைத்துப் பார்த்தாயா?' என்று கேட்பது அவருக்கு இன்னொரு விசாரணை. என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் பேசாமல் இருக்கலாம். 'உயிரோடு இருக்கிறாய், அது போதும். நான் இங்கேதான் இருப்பேன்' என்று ஒரு தடவை சொன்னால் நிறைய.

அப்புறம், சத்தியம் வாங்காதீர்கள். 'இனிமேல் செய்யமாட்டேன் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணு' என்பது அன்பில் வருவதுதான், ஆனால் அது எவரையும் காப்பாற்றியதற்குச் சான்று இல்லை. மருத்துவர்கள் சிலர் எழுதி வாங்கும் 'தற்கொலை செய்துகொள்ளமாட்டேன்' ஒப்பந்தமும் அப்படித்தான். மறுபடி எண்ணம் வரும்போது, 'சத்தியத்தை மீறிவிட்டோமே' என்ற வெட்கத்தில் அவர் உங்களிடம் சொல்லாமல் மறைப்பார். சத்தியத்துக்குப் பதிலாக ஒன்று கேளுங்கள்: 'மறுபடி அப்படித் தோன்றினால் என்னிடம் சொல்வாயா? நான் திட்டமாட்டேன்.' அப்படிக் கேட்டுவிட்டு, நிஜமாகவே திட்டாமல் இருங்கள்.

படி 5: மனநல மதிப்பீடு

முழுச் செயல்முறைக்கும் இதுதான் மையம். இதைச் செய்பவர் மனநல மருத்துவராக இருக்கலாம், மனநல நர்ஸாக இருக்கலாம், பயிற்சி பெற்ற உளவியலாளராகவோ சமூகப் பணியாளராகவோ இருக்கலாம். பட்டத்தைவிட, அவர் உட்கார்ந்து கேட்கிறாரா என்பதைத்தான் நான் பெரிதாகப் பார்ப்பேன்.

பிரிட்டனின் தேசிய வழிகாட்டு அமைப்பான நைஸ் 2022இல் வெளியிட்ட நெறிமுறைகள் இதில் தெளிவாக இருக்கின்றன. உடல் சிகிச்சை முழுவதும் முடியட்டும் என்று மனநல மதிப்பீட்டைத் தள்ளிப்போடக்கூடாது, இரண்டும் கூடவே நடக்கலாம். இரத்தத்திலோ மூச்சிலோ இருக்கும் மதுவின் அளவைக் காரணம் காட்டியும் தாமதிக்கக்கூடாது. அவர் பேசும் நிலையில் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

அதே நெறிமுறை சொல்லும் இன்னொன்று பலருக்கு வியப்பாக இருக்கும். மதிப்பெண் போட்டு 'குறைந்த ஆபத்து, நடுத்தர ஆபத்து, அதிக ஆபத்து' என்று பிரித்து, அதை வைத்து யாருக்குச் சிகிச்சை, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவெடுக்கக்கூடாது என்கிறது. காரணம் எளியது, அந்த மதிப்பெண்கள் யாருடைய எதிர்காலத்தையும் சரியாகச் சொல்வதில்லை. 50 ஆண்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்த 2017ஆம் ஆண்டு ஆய்வொன்று, யார் முயல்வார் என்ற கணிப்பு குருட்டு ஊகத்தைவிடச் சற்றே மேல், அவ்வளவுதான் என்று கண்டது. பின்னாளில் இறந்தவர்களில் பலர் 'குறைந்த ஆபத்து' என்று குறிக்கப்பட்டவர்கள்தான். ஆகவே 'ஆபத்து குறைவு, கூட்டிக்கொண்டு போங்கள்' என்று யாராவது சொன்னால், 'சரி, ஆனால் அவருக்கு என்ன உதவி தேவை என்று பார்த்தீர்களா?' என்று கேளுங்கள்.

நல்ல மதிப்பீடு எப்படி இருக்கும்? கேட்பவர் திரையை இழுத்து மூடுவார், முடிந்தால் தனி அறைக்கு அழைத்துப் போவார். நின்றபடி கேட்காமல், நாற்காலியைப் போட்டு அவர் கண்மட்டத்தில் உட்காருவார். தன் பெயரைச் சொல்வார். உங்களைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொல்வார். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, வீட்டில் அடி விழுகிறது என்பதை அடிப்பவர் எதிரில் யாரும் சொல்லமுடியாது. பிறகு 'நேற்று காலையிலிருந்து என்ன நடந்தது, மெதுவாகச் சொல்லுங்கள்' என்று தொடங்குவார். 'அந்த நிமிடத்தில் மனத்தில் என்ன ஓடியது? சாகவேண்டும் என்றா, வலி நிற்கவேண்டும் என்றா, தூங்கவேண்டும் என்றா?' என்று கேட்பார். 'இப்போது உயிரோடு இருப்பதை நினைத்தால் எப்படி இருக்கிறது?' என்றும் கேட்பார். இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதில், அல்லது பதில் வருவதற்கு முன் விழும் மௌனம், நிறையச் சொல்லும்.

அதோடு தூக்கம், பசி, கடன், வேலை, தேர்வு, திருமணம், மது, பழைய வன்முறை, உடல் வலி, காதில் குரல் கேட்பது, முன்பு நடந்த முயற்சிகள் எல்லாவற்றையும் விசாரிப்பார். என்ன பிடிக்கும், யார் மேல் நம்பிக்கை, இதுவரை எது தாக்குப்பிடிக்க வைத்தது என்றும் கேட்பார்.

தற்கொலை பற்றி நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடும் என்று பயப்படவேண்டாம். இதை ஆய்வுகள் பலமுறை சோதித்திருக்கின்றன, கேட்பதால் எண்ணம் கூடுவதில்லை. கேட்கப்பட்டவருக்குப் பெரும்பாலும் பாரம்தான் குறைகிறது.

தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எல்லாரும் சாக விரும்புவதில்லை என்பதையும் புரிந்துகொள்ளவேண்டும். தாங்கமுடியாத உணர்ச்சியை அடக்க, மரத்துப்போன மனத்தில் ஏதாவது உணர, தன்னைத் தண்டித்துக்கொள்ள என்று காரணங்கள் வேறுபடும். 'கவனத்தை ஈர்க்கத்தான்' என்ற சொல்லை நான் அறவே ஒதுக்கச் சொல்வேன். உடலைக் கிழித்துத்தான் உதவி கேட்கவேண்டிய நிலையில் ஒருவர் இருந்தால், அந்த உதவி அவருக்கு அவசரமாகத் தேவை என்றுதான் பொருள். சாகும் எண்ணம் இல்லாமல் தொடங்கியவருக்கும் பின்னாளில் ஆபத்து அதிகம் என்பதால், நோக்கம் இல்லை என்று சொன்னவுடன் மதிப்பீட்டை முடித்துவிடவும் கூடாது.

உங்கள் பங்கு இங்கே என்ன? நீங்கள் பார்த்ததைச் சொல்வது. கடந்த சில வாரங்களில் தூக்கம் எப்படி, யாரிடம் பேசுவதை நிறுத்தினார், பொருட்களை யாருக்காவது கொடுத்தாரா, விடைபெறுவதுபோல ஏதாவது செய்தி அனுப்பினாரா. நோயாளி சொன்னதை மருத்துவர் உங்களிடம் சொல்ல மறுக்கலாம், அது அவருடைய கடமை. ஆனால் உங்களுக்குத் தெரிந்ததை மருத்துவரிடம் சொல்ல எந்தத் தடையும் இல்லை. எதிரில் சொல்லச் சங்கடமாக இருந்தால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

குழந்தைகள், பதின்வயதினர் விஷயத்தில், குழந்தைகளுக்கான மனநல அனுபவம் உள்ளவர் பார்க்கும்வரை, ஓரிரவாவது வார்டில் வைத்திருக்கச் சொல்லிக் கேளுங்கள். அவர்களிடம் தனியாகவும், பெற்றோரோடு சேர்த்தும் பேசவேண்டும். பள்ளியில் கேலியா, கைபேசியில் யாராவது மிரட்டுகிறார்களா, வீட்டில் யாராவது தவறாக நடந்துகொள்கிறார்களா என்பது அப்போதுதான் வெளியே வரும். வயதானவர் தன்னைக் காயப்படுத்திக்கொண்டால் அதை எப்போதும் தீவிரமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். 'மறதியில் இரண்டு மாத்திரை கூடப் போட்டுவிட்டார்' என்று நினைப்பதற்கு முன் ஒருமுறை அவரிடம் நேராகக் கேளுங்கள். அந்த வயதில் செய்பவர்களில் சாகவேண்டும் என்றே செய்பவர்கள் அதிகம்.

படி 6: வார்டா, வீடா

எல்லாரையும் மனநல வார்டில் சேர்க்கத் தேவையில்லை. சாகும் எண்ணம் இன்னும் வலுவாக இருக்கிறது, திட்டம் வைத்திருக்கிறார், நிஜத்தோடு தொடர்பு அறுந்திருக்கிறது, கடும் மனச்சோர்வில் சாப்பாடும் தூக்கமும் இல்லை, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை அல்லது வீடே ஆபத்தான இடம் என்றால் சேர்ப்பது நல்லது. அவர் மறுத்தால், சட்டப்படி கட்டாயமாகச் சேர்க்க ஒவ்வொரு நாட்டிலும் ஒரு வழிமுறை உண்டு. அதற்கு முன், தன் முடிவின் விளைவைப் புரிந்துகொண்டு எடைபோடும் திறன் இப்போது அவருக்கு இருக்கிறதா என்று மருத்துவர் பார்த்து எழுதிவைக்கவேண்டும்.

மருத்துவர் சொல்வதை மீறிக் கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போவது குடும்பங்கள் செய்யும் பெரிய தவறு. 'விஷயம் வெளியே தெரிந்துவிடும்' என்பதற்காகத்தான் பெரும்பாலும் செய்கிறார்கள். செலவு காரணம் என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனைக்கு மாற்ற ஏற்பாடு செய்யமுடியும், சமூகப் பணியாளர் உதவுவார்.

படி 7: பாதுகாப்புத் திட்டம்

அமெரிக்காவில் பார்பரா ஸ்டான்லி, கிரெகரி பிரவுன் என்ற இரு உளவியலாளர்கள் உருவாக்கிய முறை இது. ஒரு தாள், ஆறு பகுதிகள். முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் 1,640 பேரிடம் ஆய்வு செய்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். இந்தத் தாளை எழுதி, பிறகு தொலைபேசியில் பேசித் தொடர்ந்தவர்களிடம், அடுத்த ஆறு மாதத்தில் தற்கொலை சார்ந்த நடத்தைகள் 45 சதவீதம் குறைவாக இருந்தன. அவர்கள் அடுத்தகட்டச் சிகிச்சைக்கு வந்ததும் அதிகம்.

அதிகபட்சம் முக்கால் மணி நேர வேலை. மருத்துவமனையில் யாரும் எழுதித் தரவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். ஆள் இல்லை என்றால் நோயாளியும் நீங்களும் உட்கார்ந்து எழுதி, டாக்டரிடம் காட்டுங்கள். ஒரு கல்லூரி மாணவரின் தாள் இப்படி இருக்கலாம்:

எச்சரிக்கை அறிகுறிகள்: இரவு இரண்டு மணிக்கும் பழைய செய்திகளையே திரும்பத் திரும்பப் படிப்பது. யார் கூப்பிட்டாலும் எரிச்சல் வருவது. 'எல்லாருக்கும் பாரம்' என்ற வாக்கியம் மனத்தில் ஓடத் தொடங்குவது.

நானே செய்யக்கூடியது: குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவுவது. கைபேசியை அம்மா அறையில் வைத்துவிடுவது. மாடிப்படி ஏறி இறங்குவது.

மனத்தைத் திருப்பும் ஆட்களும் இடங்களும்: தம்பியோடு பந்து விளையாடுவது. நூலகம்.

உதவி கேட்கக்கூடியவர்கள்: சித்தி, அறைத்தோழன் (இருவர் எண்ணும் எழுதியிருக்கும்).

தொழில்முறை உதவி: மனநலப் பிரிவின் எண், உதவி எண், அருகிலுள்ள அவசரப் பிரிவு.

சூழலைப் பாதுகாப்பாக்குவது: மாத்திரைகள் எல்லாம் சித்தி பொறுப்பில்.

இந்தத் தாளின் பலம் அதிலுள்ள சில்லறை விவரங்களில் இருக்கிறது. 'நேர்மறையாக யோசிப்பேன்' என்று எழுதினால் இரவு இரண்டு மணிக்கு அது எதற்கும் உதவாது. 'படி ஏறுவேன்' என்றால் எழுந்து செய்துவிடலாம். சொற்கள் அவருடையதாகவே இருக்கட்டும், உங்கள் அறிவுரையை அதில் நுழைக்காதீர்கள். ஒவ்வொரு வரியையும் எழுதியதும் 'இதை நிஜமாகவே செய்வாயா? எது தடுக்கும்?' என்று கேளுங்கள். தடை இருந்தால் வரியை மாற்றுங்கள். தாளைப் புகைப்படம் எடுத்து அவர் கைபேசியிலும், அவர் சம்மதித்தால் உங்கள் கைபேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 8: அவர் வீடு திரும்புமுன் வீட்டைச் சரிசெய்யுங்கள்

'சாகவேண்டும் என்று முடிவுசெய்தவனுக்கு ஆயிரம் வழி' என்று சொல்வார்கள். அது உண்மையல்ல. அந்த உச்ச நெருக்கடி பலருக்குச் சில நிமிடங்களோ சில மணி நேரமோதான் நீடிக்கிறது. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் ஒன்றும் இல்லையென்றால் அலை வடிந்துவிடுகிறது. இதற்குப் பெரிய சான்று இலங்கை. 1995 முதல் மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்ததைத் தொடர்ந்து, 20 ஆண்டுகளில் அங்கே தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது.

ஆகவே அவர் மருத்துவமனையில் இருக்கும்போதே ஒருவர் வீட்டுக்குப் போய், மருந்துகள், பூச்சிக்கொல்லி, ஆயுதங்கள், இம்முறை பயன்படுத்திய பொருள் எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். ஒளித்துவைப்பது போதாது, வீட்டைவிட்டே வெளியேறவேண்டும், அல்லது இன்னொருவர் பூட்டிச் சாவியைத் தன்னிடம் வைத்திருக்கவேண்டும். தாத்தாவின் இரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும்கூட இதில் அடக்கம், அவற்றை மறந்துவிடுவதுதான் வழக்கம். இதை அவருக்குத் தெரியாமல் செய்யவேண்டாம். 'கொஞ்ச நாளைக்கு இவை என்னிடம் இருக்கட்டும்' என்று சொல்லியே செய்யுங்கள்.

டிஸ்சார்ஜில் எழுதும் மருந்தை ஒரு வாரத்துக்கு மட்டும் தரச் சொல்லுங்கள். மனச்சோர்வு மாத்திரைகள் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தொடக்க வாரங்களில் பதற்றமோ தற்கொலை எண்ணமோ கூடுகிறதா என்று கவனிக்கவேண்டும். அப்படித் தெரிந்தால் நீங்களாக நிறுத்தாமல் உடனே மருத்துவரை அழையுங்கள்.

கிளம்பும் முன் இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: அடுத்து யாரை, எந்த நாள், எத்தனை மணிக்குப் பார்க்கவேண்டும்? அதற்கு முன் நிலைமை மோசமானால் இரவில் எந்த எண்ணை அழைப்பது? 'தேவைப்பட்டால் வாருங்கள்' என்பது சந்திப்பு அல்ல. இரண்டு நாளுக்குள் யாராவது ஒருவர், தொலைபேசியிலாவது, அவரைத் தொடர்புகொள்ளவேண்டும்.

படி 9: முதல் சில வாரங்கள்

மறுபடி நிகழும் ஆபத்து வீடு திரும்பிய முதல் நாட்களிலும் வாரங்களிலும்தான் அதிகம். இங்கே எளிமையான ஒரு முயற்சியைச் சொல்லவேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து நாட்டு நகரங்களில், தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தியது. பாதிப்பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப்பேருக்கு அதோடு, டிஸ்சார்ஜ் சமயத்தில் ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்து விளக்கும் பேச்சும், அடுத்த 18 மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ விசாரிப்பும். 2008இல் வெளியான முடிவு: வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம். விலையுயர்ந்த மருந்தோ கருவியோ எதுவும் இல்லை. யாரோ ஒருவர் அழைத்து 'எப்படி இருக்கிறீர்கள், சந்திப்புக்குப் போனீர்களா?' என்று கேட்டார்கள், அவ்வளவுதான். இதை நடைமுறைப்படுத்தாத மருத்துவமனைகளை நினைத்தால் எனக்கு ஆதங்கமாகத்தான் இருக்கிறது.

மருத்துவமனை அழைக்கவில்லை என்றால் நீங்கள் அழையுங்கள். முதல் வாரம், இரண்டாவது, நான்காவது, ஏழாவது, பதினோராவது வாரம், பிறகு நான்காவது, ஆறாவது, பன்னிரண்டாவது, பதினெட்டாவது மாதம் என்பதுதான் அந்த ஆய்வில் விசாரித்த முறை. கைபேசி நாட்காட்டியில் போட்டுவைத்தால் மறக்காது. ஒரு மாதம் கழித்து எல்லாரும் இயல்புக்குத் திரும்பிவிடுவார்கள், அவர் மட்டும் தனியாக நிற்பார். அந்த நேரத்தில் வரும் அழைப்புக்குத்தான் மதிப்பு அதிகம்.

மருத்துவமனையில் வேலை செய்பவர்களுக்கு

மாதத்தில் இரண்டு மூன்று முறை வருபவர் வாசலில் தெரிந்ததும் 'மறுபடியும் இவரா' என்று தோன்றுவது இயல்பு, நீங்களும் இரவு முழுக்கத் தூங்காதவர்தான். ஆனால் ஒவ்வொரு வருகையும் புதிதாக மதிப்பிடப்படவேண்டும். போன வாரம் சாகும் எண்ணம் இல்லாதவருக்கு இந்த வாரம் இருக்கலாம். மருந்து மறுப்பது, காக்க வைப்பது, போலீஸைக் காட்டி மிரட்டுவது போன்றவற்றால் வருகை குறைந்தால், அவர் குணமாகிவிட்டார் என்று பொருளல்ல, இங்கே வரப் பயப்படுகிறார் என்றுதான் பொருள். அடிக்கடி வருபவருக்கு, அவரையும் உட்காரவைத்து, அவசரப் பிரிவும் மனநலப் பிரிவும் சேர்ந்து ஒரு பொதுத் திட்டம் எழுதிக் கோப்பில் வைத்துவிட்டால், இரவுப் பணிக்கு யார் வந்தாலும் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியும்.

அழைத்துவந்தவர்களிடம் ஒரு நிமிடம் பேசுங்கள். அவர்களும் அதிர்ச்சியில் இருப்பவர்கள், கைகளில் இரத்தக் கறையோடு நிற்பவர்கள். யாரை அழைக்கவேண்டும் என்ற எண்ணை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்து அனுப்புங்கள். குறித்த நாளில் அவர் வராவிட்டால் கோப்பை மூடிவைக்காமல் அன்றைக்கே தொலைபேசியில் கூப்பிடுங்கள். அவர் எடுக்கவில்லை என்றால், அவர் அனுமதித்திருந்த இன்னொருவரைக் கூப்பிடுங்கள்.